அரக்கிலிருந்து ராமர் பச்சைக்கு: வெக்டர் டிசைனை மொத்தமாக நிறம் மாற்றுவது

"இதே டிசைன் இருக்கட்டும். அரக்குக்குப் பதிலா ராமர் பச்சையில ஒண்ணு, மயில்கழுத்துல ஒண்ணு போட்டுக் குடுங்க." கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் எந்த மேசையிலும் இந்தப் பேச்சு வரும். கேட்பவருக்கு அது சின்ன விஷயம். கோப்பைத் திறந்தால்தான் தெரியும்: கரை முழுக்க வரிசையாக மாங்காய், ஒவ்வொரு மாங்காயிலும் மூன்று நான்கு வடிவங்கள், அதற்குள் நிறம் படிப்படியாக மாறும் கிரேடியன்ட், மேலே நிழல். ஒவ்வொன்றாகத் தொட்டு மாற்றினால் பொழுது சாய்ந்துவிடும். அப்படியும் எங்கோ ஒரு மூலையில் ஓர் அரக்கு இலை மிச்சமிருக்கும். அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் படும்.

நிறம் மாற்றுவது கடைசி இரண்டு நிமிட வேலை. அதற்கு முன்னால் கோப்பை ஒழுங்குபடுத்துகிற அரை மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அரை மணியை ஒருமுறை செலவழித்துவிட்டால் நான்காவது நிறமும் பத்தாவது நிறமும் ஒன்றுபோல எளிதாகிவிடும். கோடுகளும் வடிவங்களுமாக (வெக்டராக) வரையும் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளை வைத்தே விரிவாகச் சொல்கிறேன். அதே வகை மென்பொருள்களான கோரல்டிரா, இங்க்ஸ்கேப் பற்றிப் பின்னால் வரும்.

முதலில் நிறங்களை எண்ணுங்கள்

இணையத்தில் வாங்கிய மயில் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு நீலம், பச்சை, பொன் என்று மூன்று நிறம். உள்ளே போனால் நீலத்திலேயே ஒன்றுக்கொன்று ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் மட்டும் வேறுபடும் நீலங்கள் வரிசையாக நிற்கும். வரைந்தவர் நிறத்தை உறிஞ்சியெடுக்கும் ஐட்ராப்பர் கருவியால் எடுத்து எடுத்து வைத்திருப்பார். அல்லது கோப்பு திரைக்கான ஆர்ஜிபி நிறங்களிலிருந்து அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது தசமப் புள்ளிகள் சிதறியிருக்கும். இந்த நிலையில் "ஒரே ஃபில் கலர் உள்ளதை எல்லாம் தேர்ந்தெடு" என்று கட்டளை கொடுத்தால் பாதி சிக்கும், பாதி தப்பிக்கும்.

நிறங்களைச் சேமித்துவைக்கும் ஸ்வாட்சஸ் பேனலைத் திறந்து, அதன் மெனுவில் "செலக்ட் ஆல் அன்யூஸ்டு" கொடுத்து, தேவையற்றவற்றை அழித்துவிடுங்கள். பிறகு அதே மெனுவில் "ஆட் யூஸ்டு கலர்ஸ்". கோப்பில் பயன்பட்ட நிறங்கள் எல்லாம் குளோபல் ஸ்வாட்ச்களாக வந்து சேரும். ஸ்வாட்சின் கீழ் வலது மூலையில் சின்ன வெள்ளை முக்கோணம் தெரிந்தால் அது குளோபல். முக்கோணத்துக்குள் புள்ளியும் இருந்தால் அது ஸ்பாட் கலர். தனி அச்சுத் தகடு (பிளேட்) கேட்கும் நிறம், கவனம்.

குளோபல் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சாதாரண ஸ்வாட்ச் வெறும் டப்பா: அதிலிருந்து நிறம் எடுத்துப் பூசியதும் பூசிய வடிவத்துக்கும் டப்பாவுக்கும் உறவு அறுந்துவிடும். குளோபல் ஸ்வாட்சில் அந்த உறவு அறுவதில்லை. ஸ்வாட்சை இருமுறை கிளிக் செய்து எண்களை மாற்றினால், அதைப் பூசிய வடிவங்கள் அத்தனையும் அதே நொடியில் மாறும்.

அடுத்து, ஒரே குடும்பத்து நீலங்களை ஒன்றாக்க வேண்டும். எந்த நீலம் நிலைக்க வேண்டுமோ அதை முதலில் கிளிக் செய்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மற்றவற்றையும் தேர்ந்து, "மெர்ஜ் ஸ்வாட்சஸ்" கொடுங்கள். முதலில் தொட்டதன் பெயரும் மதிப்பும்தான் நிற்கும். மற்றவை அதில் கரைந்துவிடும். இங்கே கை மீறி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் மயிலின் கழுத்து தட்டையாகிவிடும். இருள், நடு, வெளிர் என்று மூன்று படிகளை விட்டுவையுங்கள். பத்திரிகை அளவில் அச்சாகும் படத்துக்கு ஒரு குடும்பத்தில் மூன்று படி தாராளம். முழு டிசைனும் 8 முதல் 10 ஸ்வாட்சுக்குள் அடங்கிவிடும்.

பெயர் வைக்கும்போது "மெரூன்", "டார்க் மெரூன்" என்று வைக்காதீர்கள். நாளைக்கு அது பச்சையாகப் போகிறது. வேலையைப் பெயராக வையுங்கள்: கரை, கரை இருள், கரை வெளிர், பொன், கோடு, எழுத்து, தாள். மாதக்கணக்கில் கழித்து வேறொருவர் திறந்தாலும் எது எதற்கு என்று தெரியும்.

"ஆட் யூஸ்டு கலர்ஸ்" எல்லாவற்றையும் பிடிக்காது. ஒளிபுகும் அளவைக் கட்டுப்படுத்தும் ஒப்பாசிட்டி மாஸ்க்குக்குள் உள்ள நிறங்கள், படமாகச் செருகிய பகுதிகளின் பிக்சல்கள், ஒரு வடிவத்தை இன்னொன்றாகப் படிப்படியாக மாற்றும் பிளெண்டில் இரண்டு முனைக்கு நடுவே தானாக உண்டாகும் நிறங்கள் ஆகியவை பட்டியலுக்கு வராது. பிளெண்டின் இரு முனையையும் குளோபலாக்கினால் நடுவில் உள்ளவை பின்தொடரும். செருகிய படத்துக்கு வழி வேறு. அதை ஃபோட்டோஷாப்பில்தான் பார்க்க வேண்டும்.

இருட்டு வெளிச்ச வரிசை

நிறம் மாற்றிய டிசைன் "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய நிறங்களில் எது எதைவிட இருட்டு என்ற வரிசை, புதியதில் கலைந்திருக்கும். அரக்கு, ராமர் பச்சை, மயில்கழுத்து மூன்றும் ஏறத்தாழ ஒரே இருட்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்தால் மேலே உள்ள பொன் எழுத்து அப்படியே பளிச்சென்று நிற்கும். கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் அப்படியல்ல. அரக்கு இருந்த இடத்தில் மாம்பழ மஞ்சளை வைத்தால் பொன் எழுத்து காணாமல் போய்விடும். அந்தக் கோரிக்கை வந்தால் பொறுப்பையே மாற்றிப் போட வேண்டும்: தரை மஞ்சள், எழுத்து அரக்கு. ஸ்வாட்சுக்கு வேலையைப் பெயராக வைத்திருந்தால் இதுவும் இரண்டு எண் மாற்றம்தான்.

கண்ணை நம்பாமல் சோதிக்க ஓர் எளிய வழி: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயரில் வெள்ளைச் செவ்வகம் ஒன்றைப் போட்டு, டிரான்ஸ்பேரன்சி பேனலில் அதன் பிளெண்டிங் மோடை "கலர்" என்று மாற்றுங்கள். கீழே உள்ளதெல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியும். பழைய டிசைனையும் புதியதையும் இப்படிச் சாம்பலில் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் வேலை முடிந்தது. கோப்பை அனுப்புமுன் அந்த லேயரை மறக்காமல் நீக்குங்கள்.

எண்களோடு ஒருமுறை

கரையின் அரக்கு சி (சயான்) 30, எம் (மெஜந்தா) 100, ஒய் (மஞ்சள்) 80, கே (கறுப்பு) 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இருள் படி சி 40, எம் 100, ஒய் 80, கே 65. ராமர் பச்சைக்குப் போக, "கரை" ஸ்வாட்சைத் திறந்து சி 90, எம் 40, ஒய் 90, கே 40. "கரை இருள்" சி 90, எம் 50, ஒய் 90, கே 60. நான்கு மையையும் கூட்டிப் பார்த்தால் 260, 290. ஆர்ட் தாளில் ஆஃப்செட் அச்சுக்கு 300ஐத் தாண்டாமல் இருப்பது பத்திரம். தாண்டினால் மை காயத் தாமதமாகி, அடுக்கிவைத்த தாளின் முதுகில் ஒட்டும்.

பொன்னைத் தொடவே வேண்டாம் என்று தோன்றும். தொட வேண்டும். சி 20, எம் 40, ஒய் 90, கே 5 என்ற பொன் அரக்கின் மேல் சரியாக இருக்கும். அதே பொன் பச்சைத் தரையில் உட்கார்ந்ததும் சிவந்து, செம்பு மாதிரித் தெரியும். பக்கத்து நிறம் கண்ணை எதிர்ப்பக்கம் இழுப்பதால் வரும் மயக்கம் இது. மெஜந்தாவை 40இலிருந்து 30ஆகக் குறைத்தால் பழைய பொன் திரும்பிவிடும்.

வெளிர் படியில் இன்னொரு பொறி. குளோபல் ஸ்வாட்சில் டின்ட் என்ற ஒற்றை ஸ்லைடர் கிடைக்கும். 60 சதவீதம் என்று இழுத்தால் வெளிர் கிடைத்துவிடும், மூல ஸ்வாட்ச் மாறும்போது இதுவும் கூடவே மாறும். வசதிதான். ஆனால் அரக்கின் டின்ட் ரோஜாநிறமாகப் போய்விடும், பட்டுப்புடவையின் வெளிச்சம் அதில் வராது. மஞ்சள் இன்னும் மோசம்: டின்ட் போட்டால் தாளில் கரைந்து மறையும், கறுப்பு சேர்த்து இருட்டாக்கினால் பாசி படிந்த மாதிரிப் பச்சைக்குப் போகும். மஞ்சளின் நிழலுக்கு மெஜந்தா சேர்த்து ஆரஞ்சு, பழுப்புப் பக்கம் நகர்த்துவதே முறை. ஆகவே டின்ட்டைத் தரைக்குப் பூசும் மெல்லிய பூச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி ஸ்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீகலர் ஆர்ட்வொர்க் எங்கே உதவும்

எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று இன்னும் முடிவாகாத நேரத்தில் இல்லஸ்ட்ரேட்டரின் ரீகலர் ஆர்ட்வொர்க் கட்டளை பெரிய வரம். எடிட் → எடிட் கலர்ஸ் → ரீகலர் ஆர்ட்வொர்க். 2020 அக்டோபருக்குப் பின் வந்த பதிப்புகளில் முதலில் ஒரு சுருக்கமான பெட்டி திறக்கும். முழு வசதிக்கு அதிலுள்ள "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பொத்தானை அழுத்த வேண்டும். திறப்பதற்கு முன்பே எழுத்து லேயரைப் பூட்டிவிடுங்கள். பூட்டியது தேர்வில் வராது, நிறமும் மாறாது.

அசைன் பகுதியில் இடது பக்கம் இப்போதைய நிறங்கள், வலது பக்கம் புதியவை, நடுவே அம்புக்குறி. ஒரு நிறத்தைத் தொடாமல் விட வேண்டுமானால் அந்த அம்புக்குறியைக் கிளிக் செய்யுங்கள். அது கோடாகிவிடும், அந்த வரிசை அப்படியே நிற்கும். நிறக் கட்டைகளை ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப்போட்டுக் குடும்பங்களைச் சேர்க்கலாம். கீழே உள்ள பூதக்கண்ணாடிப் படத்தை அழுத்திவிட்டு ஒரு நிறத்தைத் தொட்டால், டிசைனில் அது எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். அந்த ஒளிந்திருக்கும் அரக்கு இலையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பலர் கவனிக்காத இடம் கலரைஸ் மெத்தட். தொடக்கத்தில் "ஸ்கேல் டின்ட்ஸ்" என்று இருக்கும்: வரிசையில் மிக இருட்டான நிறம் நீங்கள் தந்த புதிய நிறமாகும், மற்றவை அதன் வெளிறிய டின்ட்களாகும். மேலே சொன்ன ரோஜாநிற அரக்கு இங்கேதான் பிறக்கிறது. "எக்ஸாக்ட்" வைத்தால் வரிசையில் உள்ள எல்லாமே ஒரே நிறமாகும். தட்டையான ஐகான்களுக்கு நல்லது. "ஹியூ ஷிஃப்ட்" வைத்தால் வரிசையின் முக்கிய நிறம் புதியதாக மாறி, மற்றவை அதனிடமிருந்து முன்பு எவ்வளவு விலகி இருந்தனவோ அதே அளவு விலகி நிற்கும். நிழலும் மினுமினுப்பும் உள்ள மயில், பூ, முகம் போன்றவற்றுக்கு இதையே முதலில் முயன்று பாருங்கள்.

எடிட் பகுதியில் உள்ள வண்ணச் சக்கரம் விளையாட நன்றாக இருக்கும். அச்சுக்குப் போகும் கோப்பாக இருந்தால் கீழே உள்ள ஸ்லைடரைச் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி, கிடைத்த எண்களை முழு எண்களாக்குங்கள். சக்கரத்தைச் சுழற்றி வந்த நிறத்தில் சி 87.34 என்ற மாதிரி எண்ணும், பச்சைக்குள் தேவையே இல்லாத 3 சதவீத மெஜந்தாவும் ஒளிந்திருக்கும். ரீகலரை முடித்து வெளியே வந்ததும் குளோபல் உறவு இன்னும் இருக்கிறதா என்று ஒரு வடிவத்தைத் தொட்டுப் பாருங்கள். அறுந்திருந்தால் "ஆட் யூஸ்டு கலர்ஸ்" இன்னொரு முறை.

2023இல் வந்த ஜெனரேட்டிவ் ரீகலர், சொல்லைத் தட்டினால் நிறத் தொகுப்பு தரும். யோசனை எடுக்கலாம். எது தரை, எது எழுத்து என்ற கணக்கை அதனிடம் விட்டுவிட முடியாது.

ஒரே கோப்பில் நான்கு நிறமா?

குளோபல் முறையில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம் இது. அரக்கு ஆர்ட்போர்டை (டிசைன் பக்கத்தை) நகலெடுத்துப் பக்கத்தில் வைத்து, அதைப் பச்சையாக்க ஸ்வாட்சை மாற்றினால் இரண்டுமே பச்சையாகும். ஸ்வாட்ச் ஒன்றுதானே. மூலக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் "சேவ் ஆஸ்" செய்து தனிக் கோப்பாக்குவதுதான் நிம்மதி.

பிறகு நான்கையும் ஒரே கோப்பில் ஒட்டிக் காட்ட நினைத்தால் "ஸ்வாட்ச் கான்ஃப்ளிக்ட்" என்ற பெட்டி வரும்: ஒரே பெயர், வேறு மதிப்பு. அவசரத்தில் "மெர்ஜ்" கொடுத்துவிட்டால் ஒட்டியதும் நிறம் மாறி நிற்கும். "ஆட் ஸ்வாட்சஸ்" தேர்ந்தால் புதுப் பெயரில் சேரும். வாடிக்கையாளருக்குக் காட்ட மட்டும்தான் என்றால் நான்கு பிடிஎஃப் அனுப்பிவிடுவது மேல்.

கோரல்டிராவில்

தமிழ்நாட்டு அச்சகங்களில் நிறைய வேலை கோரலில் நடக்கிறது, எனவே இதையும் பார்த்துவிடுவோம். குளோபல் ஸ்வாட்சின் இடத்தில் இங்கே கலர் ஸ்டைல்ஸ். கன்ட்ரோல், எஃப் 6 அழுத்தினால் அதற்கான டாக்கர் (பக்கப் பலகை) திறக்கும். எல்லாவற்றையும் தேர்ந்து "நியூ ஃப்ரம் செலக்டெட்" கொடுங்கள். ஃபில், அவுட்லைன் இரண்டிலிருந்தும் எடுக்கச் சொல்லி, ஹார்மனிகளாகப் பிரிக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். நெருங்கிய நிறங்கள் குடும்பம் குடும்பமாகப் பிரியும். ஒரு ஹார்மனியைத் தேர்ந்து சக்கரத்தில் நகர்த்தினால் குடும்பம் மொத்தமும் தங்களுக்குள் உள்ள உறவு கெடாமல் நகரும். இல்லஸ்ட்ரேட்டரின் ஹியூ ஷிஃப்ட்டுக்கு ஒப்பானது, கையில் பிடித்து ஓட்டும் வசதியோடு.

ஒரே ஒரு நிறத்தை மட்டும் மாற்ற ஃபைண்டு அண்ட் ரீப்ளேஸ் போதும். அதில் ஃபவுன்டன் ஃபில்லுக்கும் (கோரலில் கிரேடியன்ட்டின் பெயர்) பொருந்துமாறு டிக் செய்ய மறந்தால் கிரேடியன்ட் எல்லாம் பழைய நிறத்திலேயே நிற்கும். ஒரு வடிவத்துக்குள் மற்றவற்றை அடக்கும் பவர்கிளிப்புக்குள் இருப்பவற்றைத் திறந்து தனியே பார்த்துவிடுங்கள்.

இங்க்ஸ்கேப்பும் எஸ்விஜியும்

இங்க்ஸ்கேப்பில் எடிட் → செலக்ட் சேம் → ஃபில் கலர் சட்டென்று வேலை முடிக்கும். எக்ஸ்டென்ஷன்ஸ் → கலர் பகுதியில் "ரீப்ளேஸ் கலர்" ஒரு நிறத்தை இன்னொன்றாக மாற்றும். நிறம் துல்லியமாகப் பொருந்த வேண்டும். குளோபல் மாதிரி வேண்டுமானால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்கில் தட்டை நிறத்துக்குப் பதில் ஸ்வாட்ச் வகையைத் தேர்ந்து பூசுங்கள்.

இணையத்தில் பயன்படும் வெக்டர் வடிவமான எஸ்விஜி கோப்பு அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்பு. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து #993300 என்ற நிறக் குறியீட்டைத் தேடி #006633 என்று மொத்தமாக மாற்றிவிடலாம், பத்து வினாடி வேலை. தப்பிப்பவை மூன்று: அதே நிறம் #930 என்ற சுருக்க வடிவில் இருக்கலாம், மூன்று எண்களாக 153, 51, 0 என்று இருக்கலாம், பழுப்பு, சிவப்பு போன்ற நிறங்கள் எண்ணே இல்லாமல் ஆங்கிலப் பெயரில் இருக்கலாம். மூன்றையும் தேடுங்கள். ஃபில் என்று தனியே எழுதியதும் ஸ்டைல் என்பதற்குள் எழுதியதும் ஒரே வடிவத்தில் மோதினால் ஸ்டைலுக்குள் இருப்பதே செல்லும். மாற்றியும் மாறவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

இணையதளத்துக்கான ஐகான் என்றால் நிறத்தை எண்ணாக எழுதாமல் "கரன்ட் கலர்" (currentColor) என்ற சொல்லை வைப்பது நல்லது. சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். எஸ்விஜியைப் பக்கத்துக்குள்ளேயே எழுதியிருந்தால்தான் இது பலிக்கும். இமேஜ் டேக்கில் கோப்பாக அழைத்தால் பக்கத்தின் தோற்ற விதிகளான சிஎஸ்எஸ் அதற்குள் நுழையாது. திரையில் படிக்கும் சிறிய எழுத்துக்கும் தரைக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன்

திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்து, பிளேட்டில் கெடும் இடங்கள் இரண்டு.

முதலாவது ஓவர்பிரின்ட்: அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது. கறுப்புக் கோட்டுக்கு ஓவர்பிரின்ட் வைப்பது நல்ல பழக்கம். கறுப்பு எதன் மேல் விழுந்தாலும் கறுப்புதான், ஓரத்தில் வெள்ளை இடைவெளியும் தெரியாது. அந்தக் கோட்டை நீங்கள் பொன்னாக்கினால் நிறம் மட்டும்தான் மாறும். ஓவர்பிரின்ட் குறி வடிவத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பொன்னில் எந்த மை பூஜ்யமோ, அந்த மை பச்சைத் தரையிலிருந்து அப்படியே மிஞ்சி, பொன் கெட்டு அச்சாகும். வெள்ளையாக்கினால் இன்னும் கேடு: வெள்ளைக்கு மை கிடையாது, எனவே அந்த வடிவமே மறைந்துவிடும். சாதாரணத் திரையில் இது எதுவும் தெரியாது. வியூ → ஓவர்பிரின்ட் பிரிவ்யூவைப் போட்டுப் பாருங்கள். தவறானவற்றைத் தேர்ந்து அட்ரிபியூட்ஸ் பேனலில் டிக்கை எடுங்கள்.

இரண்டாவது கறுப்பு. கே 100 மட்டும் இருந்த எழுத்து, ஆர்ஜிபி கோப்புக்குள் ஒருமுறை போய்த் திரும்பினால் நான்கு மையிலும் பரவிய கறுப்பாகிவிடும். மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் "ஸ்ரீ", "ணை" போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு, ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். மெல்லிய கோடுகளுக்கும் இதே கதிதான்: 0.5 பாயின்ட்டுக்குக் கீழே உள்ள கோட்டை மூன்று மை கலந்த பச்சையாக்காதீர்கள். ஒற்றை மையில் விடுங்கள், இல்லையென்றால் தடிமனைக் கூட்டுங்கள்.

கடைசியாக விண்டோ → செபரேஷன்ஸ் பிரிவ்யூ. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றின் கண்ணையும் அணைத்துவிட்டுக் கறுப்பை மட்டும் பாருங்கள்: மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாம் முழுதாக அதில் இருக்க வேண்டும். பிறகு கறுப்பை மட்டும் அணையுங்கள். கறுப்பு எழுத்து இருந்த இடத்தில் சாயல்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அந்த எழுத்தில் வேறு மை கலந்திருக்கிறது, அல்லது தரை அதன் அடியில் வெட்டுப்பட்டு வெள்ளையாக நிற்கிறது. முதலாவதற்கு எழுத்தின் ஸ்வாட்சைத் திறந்து சி 0, எம் 0, ஒய் 0, கே 100 ஆக்குங்கள், இரண்டாவதற்கு ஓவர்பிரின்ட் ஃபில்லை டிக் செய்யுங்கள்.